குறிப்பறியும் கருவிகள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

படிக்கும் ஒருவரின் உள்ளம் எந்தச் சொல்லில் தங்குகிறது என்பதை அருகில் இருப்பவரும் அறிவதில்லை. நூலுக்கும் வாசகருக்கும் இடையே உள்ள அந்தத் தனிமைக்குள் இன்று அறிவியல் கருவிகள் மெல்ல நுழைகின்றன. கண்ணின் அசைவையும் மூளையின் மின்துடிப்பையும் அளந்து, வாசகரின் ஆர்வத்தை உய்த்துணர அவை முயல்கின்றன. அவற்றால் எதை அறிய முடியும்? எதை அறிய முடியாது? அறிந்ததைக் கையாளும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் காலைப் பேருந்தில், சன்னலோர இருக்கையில் அமர்ந்து ஒரு மாணவி கதைநூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்க. பேருந்து புதுப்பாக்கத்தைக் கடந்து மாம்பாக்கத்தை நெருங்குகிறது. ஒரு பக்கத்தை விரைந்து படித்துப் புரட்டியவள், அடுத்த பக்கத்தின் ஒரு வரியில் நின்றுவிடுகிறாள். பார்வை மீண்டும் மேலேறி, அதே வரிக்குத் திரும்புகிறது. அந்த வரி அவளைக் கவர்ந்ததா? அதன் பொருள் விளங்கவில்லையா? அல்லது அன்றைய தேர்வின் நினைவு வந்து, கண் மட்டும் அங்கே தங்கிவிட்டதா? அருகில் அமர்ந்திருப்பவர் காண்பது, நின்றுபோன ஒரு பார்வையை மட்டுமே. அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை அவரால் உய்த்துணர முடியுமே தவிர, காண முடியாது. அந்த மனிதரின் இடத்தில் இன்று ஒரு கருவி அமர்கிறது. அவர் எதிர்கொள்ளும் அதே சிக்கலையே அக்கருவியும் எதிர்கொள்கிறது.

குறிப்பறியும் மரபு

உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படும் என்பது தமிழுக்குப் புதிய கருத்தன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் அதற்கென்றே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்துள்ளது. நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என அது வரையறுக்கிறது. இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கில் எதனாலும் அழுகை பிறக்கலாம். வெளியே தெரியும் குறிப்பு ஒன்று. உள்ளே இருக்கும் காரணங்கள் பல என்னும் தெளிவு அவ்வரையறையிலேயே உள்ளது.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் அமைந்த 71ஆம் அதிகாரம், ஆள்வோரின் உள்ளத்தை அமைச்சர் அறிவதைப் பேசுகிறது; உள்ளத்தை அளக்கும் கோலாகக் கண்ணைக் கொள்ளும் கருத்தும் அங்கே இடம்பெறுகிறது. காமத்துப்பாலில் அமைந்த 110ஆம் அதிகாரம், காதலியின் பார்வையிலிருந்து அவள் உள்ளத்தைக் காதலன் அறிவதைப் பேசுகிறது. அரசவையிலும் அன்புறவிலும் நிகழும் செயல் ஒன்றே. ஆயினும் அறிபவர் யார், எதற்காக அறிகிறார் என்பவை வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்தில் நிறுத்தினால், இன்றைய கருவிகளை மதிப்பிடுவது எளிதாகும்.

கண் ஓடுவதில்லை, தாவுகிறது

படிக்கும்போது கண், வரியின் மீது நீரோட்டம்போல் சீராகச் செல்வதாகவே அனைவரும் உணர்கின்றனர். அவ்வுணர்வு உண்மையன்று. 1870களின் இறுதியில் பாரிசில் கண் மருத்துவர் லூயி எமில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்தில், படிப்பவரின் கண் விட்டுவிட்டு நகர்வது கண்டறியப்பட்டது. கண் ஓரிடத்தில் நிற்கிறது, தாவுகிறது, மீண்டும் நிற்கிறது. நிற்பதை நிலைநோக்கு என்றும் நகர்வதைத் தாவல் என்றும் குறிப்பிடலாம்.

இதற்குக் காரணம் விழித்திரையின் அமைப்பு. பார்வைப் பரப்பின் நடுவே ஏறத்தாழ இரண்டு பாகை அளவில் அமைந்த சிறு பகுதியை மட்டுமே கண் மிகத் தெளிவாகக் காண்கிறது. எனவே, ஒவ்வொரு சொல்லையும் அப்பகுதிக்குள் கொண்டுவரக் கண் தாவ வேண்டியுள்ளது. ஆங்கிலம் படிப்பவரிடம் செய்யப்பட்ட அளவீடுகளின்படி, ஒரு நிலைநோக்கு சராசரியாக 200 முதல் 250 மில்லிநொடி வரை நீடிக்கிறது. ஒரு தாவல் 20 முதல் 40 மில்லிநொடிக்குள் ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடக்கிறது. தாவும் அந்தக் கணத்தில் கண் புதிய செய்தி எதையும் பெறுவதில்லை. நூறு தாவல்களில் பத்து முதல் பதினைந்து வரை பின்னோக்கியவை. முன்பே படித்த இடத்திற்குக் கண் திரும்பிச் செல்கிறது.

இந்த நுண்ணிய அசைவுகளைப் பதிவு செய்யத் தொடக்கக்கால ஆய்வாளர்கள் பட்ட பாடு பெரிது. அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹியூயி, மரத்துப்போகச் செய்த கண்ணின்மீது துளையிட்ட சிறு சாந்துக் கிண்ணத்தைப் பொருத்தி, அதனுடன் மெல்லிய அலுமினிய முள்ளை இணைத்தார். கண் அசைய, புகைபடிந்த உருளையின்மீது முள் கோடு வரைந்தது. அவர் 1908இல் வெளியிட்ட வாசிப்பு உளவியல் நூல் இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

இன்றைய கருவி கண்ணைத் தொடுவதில்லை. திரையின் கீழிருந்து கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி வீசப்படுகிறது. அவ்வொளி கார்னியாவில் பட்டுச் சிறு புள்ளியாக மின்னுகிறது. அப்புள்ளிக்கும் கண்பாவையின் நடுவத்திற்கும் உள்ள தொலைவையும் திசையையும் ஒளிப்படக்கருவி நொடிக்குப் பலமுறை அளந்து, பார்வை விழும் இடத்தைக் கணக்கிடுகிறது.

தெரியுமா?

1975இல் ஜார்ஜ் மெக்காங்கி, கீத் ரேய்னர் ஆகியோர் ‘நகரும் சாளர’ ஆய்வை வெளியிட்டனர். வாசகரின் பார்வையைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் காட்டி, மற்றவற்றைக் கணினி மறைத்துவிடும். பார்வை நகர, அச்சாளரமும் உடன் நகரும். இத்தகைய ஆய்வுகளின்படி, ஆங்கிலம் படிப்பவர் நோக்கும் இடத்திற்கு இடப்புறம் மூன்று அல்லது நான்கு எழுத்துகளையும், வலப்புறம் பதினான்கு அல்லது பதினைந்து எழுத்துகளையும் பயன்படுத்திக்கொள்கிறார். வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேயத்தைப் படிப்பவரிடம் இது தலைகீழாக அமைகிறது. எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதைக் கண்ணின் அமைப்பு மட்டும் முடிவுசெய்வதில்லை. கவனமும் கற்ற மொழியும் முடிவுசெய்கின்றன.

பார்வையின் வழித்தடம்

கண் செல்லும் வழி, மனத்தின் நோக்கத்தைப் பொறுத்தது என்பதை இரஷ்ய அறிவியலாளர் ஆல்பிரட் யார்பஸ் காட்டினார். இலியா ரெபின் வரைந்த ஓவியம் ஒன்றில், எதிர்பாராத வேளையில் வீடு திரும்பும் ஒருவரை அவர் குடும்பத்தார் வியந்து நோக்குகின்றனர். அவ்வோவியத்தைக் காட்டி, யார்பஸ் வெவ்வேறு வினாக்களை எழுப்பினார். ஓவியத்தில் உள்ளோரின் வயதைக் கேட்டபோது பார்வை முகங்களைச் சுற்றியது. அக்குடும்பத்தின் பொருள்நிலையைக் கேட்டபோது உடைகளிலும் அறைப்பொருள்களிலும் உலவியது. ஓவியம் மாறவில்லை, தேடல் மாறியதால் பார்வையின் வழித்தடம் மாறியது.

கண்பாவையும் ஒரு குறிப்பைத் தருகிறது. மனத்தைக் கவரும் படங்களைக் காணும்போது கண்பாவை விரிவதை எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் ஆகியோர் 1960இல் வெளியிட்டனர். எண்களை நினைவில் நிறுத்த முயலும்போதும் அது விரிகிறது என்பதை 1966இல் டேனியல் கானமன், ஜாக்சன் பீட்டி ஆகியோர் காட்டினர். ஆர்வம், மனவுழைப்பு ஆகிய இரண்டிற்கும் கண்பாவை ஒரே வகையில் விடையளிக்கிறது. ஒளி குறைந்தாலும் அது விரியும். பேருந்து ஒரு மரநிழலுக்குள் நுழைந்தாலே போதும், மாணவியின் கண்பாவை விரிந்துவிடும். அதைக் கதையின் சுவை எனக் கருவி பிழையாகக் கொள்ளக்கூடும்.

மூளையின் மின்துடிப்பு

கண் வெளிவாயில் எனின், மூளை உள்வீடு. அங்கு நிகழும் மின்செயல்பாட்டை மனிதத் தலையின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்தவர், ஜெர்மனியின் யேனா நகரில் பணியாற்றிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் செய்த பதிவை 1929இல் அவர் வெளியிட்டார்.

அவரை இத்தேடலில் ஈடுபடுத்திய நிகழ்ச்சி வியப்பிற்குரியது. இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து அவர் உயிர்தப்பினார். அன்று தொலைவில் இருந்த அவருடைய தமக்கை, தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததாக உணர்ந்து கலங்க, அவர்தம் தந்தை நலம் வினவித் தந்தி அனுப்பினார். எண்ணம் ஓர் உள்ளத்திலிருந்து மற்றோர் உள்ளத்திற்குச் செல்ல முடியுமா என்னும் வினா பெர்கரைப் பற்றிக்கொண்டது. எண்ணத்தைத் தேடிச் சென்றவர் கண்டதோ மின்னலை. கண்ணை மூடி ஓய்ந்திருக்கும்போது நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று முறை எழும் ஆல்பா அலை, கண்ணைத் திறந்ததும் தணிவதை அவர் கண்டார். அலை கிடைத்தது, எண்ணம் கிடைக்கவில்லை.

இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவு, தலையில் பொருத்தப்படும் மின்முனைகளைக் கொண்டு எடுக்கப்படுகிறது. அதில் கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் நூறு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. கைவிளக்கு மின்கலம் தரும் 1.5 வோல்ட்டில் அது பல்லாயிரத்தில் ஒரு பங்கே. கண்ணிமைத்தலும் தாடையசைவும் அதைவிட வலிய மின்குறிகளை எழுப்பிப் பதிவைக் கலைத்துவிடும். சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போன்றது இப்பணி.

அம்முணுமுணுப்பிலும் பொருள் உண்டு. எதிர்பாராததோ தேடிக்கொண்டிருந்ததோ கண்முன் தோன்றும்போது, ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து மூளையில் ஒரு நேர்மின் எழுச்சி தோன்றுவதை 1965இல் சாமுவேல் சட்டன் குழுவினர் கண்டறிந்தனர். இது ‘பி 300’ எனப்படுகிறது. 1980இல் மார்த்தா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் ஆகியோர் மற்றொன்றைக் கண்டனர். ஒரு தொடரில் பொருள் பொருந்தாத சொல் வரும்போது, ஏறத்தாழ 400 மில்லிநொடியில் எதிர்மின் சரிவு ஒன்று தோன்றுகிறது. ‘அம்மா தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் செருப்பு வைத்தார்’ எனப் படிப்பவரின் மூளை, ‘செருப்பு’ என்னும் சொல்லைக் கண்டதும் அவ்வாறு திடுக்கிடும். இச்சரிவுக்கு ‘என் 400’ என்பது பெயர்.

இரண்டும் இணைந்தபோது

கண்ணசைவு, வாசகர் எந்தச் சொல்லில் இருக்கிறார் என்பதைக் கூறும். மூளை மின்னலை, அச்சொல்லை மூளை எவ்வாறு ஏற்கிறது என்பதைக் கூறும். இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால், ஒவ்வொரு நிலைநோக்கையும் தொடர்ந்து மூளையில் எழும் மாற்றத்தைப் பிரித்தறியலாம். இயல்பான வாசிப்பில் இவ்வாறு இரண்டையும் இணைத்துப் பதிவு செய்யும் முறையை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2011இல் விரிவாக வெளியிட்டனர்.

2016இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஆய்வாளர்கள் ஒருபடி மேலே சென்றனர். ஆய்வில் பங்கேற்றோர் தமக்கு விருப்பமான தலைப்பை மனத்தில் கொண்டு விக்கிப்பீடியா கட்டுரைகளின் தொடக்கத் தொடர்களைப் படித்தனர். அவர்களுடைய மூளை மின்னலைகளைக் கணினி பகுத்தாய்ந்து, எச்சொற்கள் அவர்கள் தேடலுக்கு உரியவை எனக் கணித்தது. அச்சொற்களைக் கொண்டு புதிய கட்டுரைகளையும் பரிந்துரைத்தது. வாசகர் ஒரு விசையையும் அழுத்தவில்லை. ஒரு சொல்லையும் தட்டச்சு செய்யவில்லை. கணிப்பு ஒவ்வொரு முறையும் சரியாக அமையவில்லை. எனினும் தற்செயலாகக் கிடைப்பதைவிட மேம்பட்டிருந்தது.

இந்தியாவில், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அபிஜித் மிஸ்ரா, டிப்டேஷ் கனோஜியா, புஷ்பக் பட்டாச்சார்யா ஆகியோர் வாசகரின் கண்ணசைவைக் கொண்டு எள்ளல் நடையை ஆராய்ந்தனர். அவர்தம் ஆய்வுகளும் 2016இல் வெளிவந்தன. எள்ளலைக் கணினிக்குக் கற்பிப்பது கடினம். தமிழில் வஞ்சப்புகழ்ச்சியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ‘அவர் நேரம் தவறாதவர், திருமணத்திற்கு அழைத்தால் வளைகாப்பிற்கு வந்துவிடுவார்’ என்னும் தொடரில் ஒவ்வொரு சொல்லும் புகழ்ச்சியாகவே ஒலிக்கிறது. ஆனால், ‘வளைகாப்பு’ என்னும் சொல்லைக் கண்டதும் வாசகரின் கண் ‘நேரம் தவறாதவர்’ என்பதை நோக்கித் திரும்பும். பொருந்தாமையை உணர்ந்த வாசகரின் பார்வை இவ்வாறு பின்னோக்குவதை ஓர் அடையாளமாகக் கொண்டு, எள்ளலை அவர் புரிந்துகொண்டாரா என்பதை அவ்வாய்வு கணிக்க முயன்றது.

இத்தகைய ஆய்வுகளின் நற்பயன் கண்கூடு. கை கால் இயங்காத ஒருவர் பார்வையாலேயே கணினியில் எழுத இயலும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தை எந்தச் சொல்லில் இடர்ப்படுகிறது என்பதை ஆசிரியர் உரிய காலத்தில் அறியலாம். பாடநூல் எழுதுவோர், மாணவர் மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்க்கும் பத்தியைக் கண்டு அதை எளிமையாக்கலாம்.

ஒரு குறிப்பு, பல காரணங்கள்

பேருந்தில் படிக்கும் மாணவியின் பார்வை ஏன் நின்றது என்னும் வினாவை இப்போது கருவியிடம் எழுப்பலாம். பார்வை நீண்ட நேரம் ஒரு சொல்லில் தங்கினால், அச்சொல் அரிய சொல்லாக இருக்கலாம். நீண்ட சொல்லாக இருக்கலாம். சுவையான சொல்லாகவும் இருக்கலாம். இவற்றுள் ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். எரிக் ரைக்கிள் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதை உணர்த்தியது. மனம் வேறெங்கோ அலையும்போதும் கண் வரிகளின்மீது சென்றுகொண்டேயிருக்கிறது. அப்போது நிலைநோக்குகள் நீள்கின்றன. ஆனால் அரிய சொல், எளிய சொல் என்னும் வேறுபாடு அவற்றில் மங்கிவிடுகிறது. நீண்ட பார்வை ஆழ்ந்த வாசிப்பின் அடையாளமாக மட்டுமன்றி, வாசிப்பே நிகழாமையின் அடையாளமாகவும் இருக்க முடியும்.

மூளை மின்னலைக்கும் இது பொருந்தும். ‘என் 400’ பொருந்தாமையைக் காட்டும். அப்பொருந்தாமையை வாசகர் இரசித்தாரா, வெறுத்தாரா என்பதைக் காட்டாது. ஆர்வம் இருந்தால் ஒரு குறி தோன்றும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அக்குறி தோன்றினால் ஆர்வம் இருந்தே தீரும் என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதெல்லாம் மழையால் அன்று. கருவி உள்ளத்தைப் படிப்பதில்லை. உடற்குறிகளைப் படித்து, உள்ளத்தைப் பற்றி நிகழ்தகவின் அடிப்படையில் ஒரு கணிப்பைச் சொல்கிறது. அக்கணிப்பு பலரைப் பற்றிய சராசரியில் சரியாகவும், ஒருவரைப் பற்றிய முடிவில் தவறாகவும் அமையலாம்.

மொழியும் இதில் ஒரு கூறு. ஆங்கில வாசிப்பில் பெறப்பட்ட அளவுகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்னும் ஒரே சொல்லில் வினை, காலம், எண், வேற்றுமை உருபு, உம்மை ஆகிய அனைத்தும் அடங்கியுள்ளன. அச்சொல்லில் கண் இரண்டு மூன்று முறை ஊன்றுவது மொழியின் இயல்பால் நேர்வது. வேறு மொழிகளில் மட்டும் பயின்ற கருவி அதனை ஆர்வம் என்றோ, தடுமாற்றம் என்றோ கணித்துவிடக்கூடும். தமிழ் வாசகரை அறிய, தமிழ் வாசிப்பே அளக்கப்பட வேண்டும்.

தெரியுமா?

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளையை உயிரணு அளவில் காட்டும் முப்பரிமாண வரைபடத் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. ‘தரணி’ எனப் பெயரிடப்பட்ட அதில் 5132 மூளைத் துண்டங்களின் எண்மப் படிமங்கள் இடம்பெற்றுள்ளன. மூளையின் அமைப்பை இத்தனை நுட்பமாகக் காண முடிகிற இக்காலத்திலும், ஒரு வரி ஒருவருக்கு ஏன் பிடித்தது என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

உள்ளத்தின் உரிமை

கருவியின் கணிப்பு பிழைபடக்கூடும் என்பது ஒரு சிக்கல். அது சரியாகவே அமைந்தாலும் மற்றொரு சிக்கல் உண்டு. ஒருவர் வெளியிட விரும்பாத விருப்பத்தை மற்றொருவர் அறியலாமா?

இவ்வினா இந்தியாவில் நூலகத்தில் எழவில்லை, நீதிமன்றத்தில் எழுந்தது. குற்றவியல் புலனாய்வில் மூளை மின்னலைச் சோதனைகள் பயன்படுத்தப்பட்டன. குற்றத்தோடு தொடர்புடைய சொற்களையோ படங்களையோ காட்டும்போது மூளையில் எழும் மின்குறிகளைக் கொண்டு, ஒருவருக்கு அந்நிகழ்ச்சி முன்பே தெரியுமா எனக் கணிப்பது அச்சோதனைகளின் நோக்கம். 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று தண்டனை விதித்த கொலைவழக்கில் அத்தகைய சோதனையின் முடிவும் சான்றுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அது உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. பின்னர் 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கருநாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான தீர்ப்பை வழங்கியது. உண்மையறியும் மருந்துச் சோதனை, பொய்யறியும் சோதனை, மூளை மின்செயல்பாட்டுச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் இசைவின்றி அவர்மீது நடத்தக்கூடாது என அது கூறியது. தமக்கு எதிராகச் சான்று கூறுமாறு எவரையும் வற்புறுத்தக்கூடாது என்னும் அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பும், தனிமனித விடுதலையைக் காக்கும் 21ஆம் உறுப்பும் அத்தீர்ப்பின் அடிப்படைகள். வாய் திறந்து சொல்லாததை மூளையிலிருந்து எடுப்பதும் வற்புறுத்தலே என்பது அதன் சாரம்.

2017 ஆகஸ்டு 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என ஒருமித்துத் தீர்ப்பளித்தது. 2021இல் தென்னமெரிக்க நாடான சிலி, மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கும் வகையில் தன் அரசமைப்பைத் திருத்தியது. இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை என்றும், அவர்களுடைய நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும், விலக்களிக்கப்பட்ட சூழல்கள் நீங்கலாக, அச்சட்டம் கூறுகிறது. பதினோராம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் இப்பாதுகாப்பிற்கு உரியவர்களே.

நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம்மைச் சோதிக்கிறார்கள் என்பதாவது தெரியும். கதை படிக்கும் ஒருவருக்கு அதுகூடத் தெரியாமல் போகலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் முகத்தை நோக்கும் ஒளிப்படக்கருவி உள்ளது. பக்கத்தைப் புரட்டும் விரைவும் ஒரு பத்தியில் தங்கும் நேரமும் எளிதாகப் பதிவாகக்கூடியவை. ஒருவர் எதை விரும்புகிறார் என அறிந்த கருவி, அதையே மீண்டும் மீண்டும் முன்வைக்கும். தமக்குப் பிடிக்கும் என முன்னரே அறிந்திராத ஒரு நூலைத் தற்செயலாக எடுத்து, அதில் தம்மை மறக்கும் வாய்ப்பு அங்கே குறைந்துபோகும். வாசிப்பின் பெரும்பயன் அத்தகைய எதிர்பாரா அறிமுகங்களில்தான் உள்ளது. அதோடு, தம் பார்வை அளக்கப்படுகிறது என்பதை அறிந்தவர், தடைசெய்யப்பட்ட கருத்தையோ தம் வேதனையைத் தொடும் வரியையோ தயக்கமின்றிப் படிக்க மாட்டார்.

ஆகவே கருவியைக் கண்டு அஞ்சுவதும் அதனை வழிபடுவதும் தேவையற்றவை. யார் அறிகிறார், எதற்காக அறிகிறார், அறியப்படுபவர் இசைந்தாரா, மறுக்கும் வாய்ப்பு அவருக்கு உண்டா என்னும் நான்கு வினாக்களே தேவை. பேச இயலாதவரின் பார்வையைச் சொல்லாக்கும் கருவியிலும், விளம்பரத்திற்காகப் பார்வையைப் பின்தொடரும் கருவியிலும் அகச்சிவப்பு ஒளி ஒன்றே, விடைகள் வேறு.

பேருந்து கண்டிகையையும் வண்டலூரையும் கடந்து தாம்பரத்தை அடைகிறது. மாணவி நூலை மூடிப் பையில் வைக்கிறாள். அவள் அந்த வரியில் ஏன் நின்றாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். சில ஆண்டுகளில் அவளே, கேளம்பாக்கத்தை அடுத்த சிறுசேரியின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் அமர்ந்து, வாசகரின் ஆர்வத்தைக் கணிக்கும் நிரலை எழுதக்கூடும். அன்று அவள் கணிக்கப்போகும் ஒவ்வொரு பார்வைக்குப் பின்னாலும் தன்னைப்போல் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவில் கொள்வாளானால், குறிப்பறிதல் அவளிடம் ஓர் அறமாகவும் விளங்கும்.

கலைச்சொற்கள்

நிலைநோக்கு – படிக்கும்போது கண் ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் குறுகிய நேரம்
தாவல் – ஒரு நிலைநோக்கிலிருந்து அடுத்ததற்குக் கண் விரைந்து செல்லுதல்
பின்னோக்கு – முன்பே படித்த இடத்திற்குக் கண் திரும்புதல்
கண்பாவை – ஒளி கண்ணுக்குள் புகும் நடுத்துளை
மின்முனை – உடலின் மின்துடிப்பைப் பெறப் பொருத்தப்படும் முனை
மூளை மின்னலைப் பதிவு – தலையின் மேற்பரப்பிலிருந்து மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்தல்
நிகழ்தகவு – ஒன்று நிகழக்கூடிய வாய்ப்பின் அளவு

கற்பவை கற்றபின்

1. நண்பர் ஒருவர் இதழைப் படிக்கும்போது, அவருடைய இசைவுடன், எதிரில் அமர்ந்து அவருடைய கண்ணசைவை உற்றுநோக்குக. அவர் எந்தப் பகுதியை விரும்பினார் என ஊகித்து எழுதுக. பின்னர் அவரிடமே கேட்டு, ஊகம் எந்த அளவு பொருந்தியது என்பதை வகுப்பில் பகிர்க.

2. ‘மாணவரின் கவனத்தை அளக்கும் கருவி வகுப்பறைக்குத் தேவையா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பொருள் பொருந்தாத சொல்லைப் படிக்கும்போது மூளையில் தோன்றும் மின்குறி
அ) ஆல்பா அலை ஆ) பி 300 இ) என் 400 ஈ) தாவல்

2. ‘குறிப்பறிதல்’ என்னும் அதிகாரம் இடம்பெற்றுள்ள பால்கள்
அ) அறத்துப்பால், பொருட்பால் ஆ) பொருட்பால், காமத்துப்பால் இ) அறத்துப்பால், காமத்துப்பால் ஈ) பொருட்பால் மட்டும்

குறுவினா

1. படிக்கும்போது கண் தாவ வேண்டிய தேவை யாது?
2. கண்பாவை விரிவதை மட்டும் கொண்டு ஆர்வத்தை முடிவுசெய்ய இயலாது. ஏன்?
3. செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் சாரத்தை எழுதுக.

சிறுவினா

1. யார்பஸின் ஓவிய ஆய்வு உணர்த்தும் உண்மையை விளக்குக.
2. வஞ்சப்புகழ்ச்சித் தொடர் ஒன்றை நீங்களே அமைத்து, அதைப் படிப்பவரின் கண் எவ்விடத்திற்குத் திரும்பும் எனக் காரணத்துடன் எழுதுக.
3. ஆங்கில வாசிப்பின் அளவீடுகளைத் தமிழ் வாசிப்பிற்கு அப்படியே பொருத்த இயலாமைக்குரிய காரணங்களைக் கூறுக.

நெடுவினா

1. ‘வெளியே தெரியும் குறிப்பு ஒன்று; உள்ளே இருக்கும் காரணங்கள் பல’ – மெய்ப்பாட்டியல் கருத்தையும் இன்றைய அறிவியல் ஆய்வுகளையும் ஒப்பிட்டுக் கட்டுரைக்க.